மேப்பில் ஒட்டிய புயல்

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. மலர்க்கொடியப் பாக்க வந்தீங்களா? பத்திரிகையா? நெனச்சேன். போன வாரம் டி.வி.லேருந்து வந்தாங்க, அதுக்கு முந்தின வாரம் காலேஜ்லேருந்து நாலு பொண்ணுங்க வந்துச்சு. எல்லாருக்கும் மலர்க்கொடிதான் வேணும். என் மருமவதான் அவங்க, இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப வீட்ல இல்ல. நாலு மணி அறிக்கை வாசிக்க சங்கத்துக்குப் போயிருக்காங்க. என்ன பாக்குறீங்க, மருமவளப் போயி 'அவங்க இவங்க'ங்கிறானேன்னா? பெரிய ஆபீசர் கையால சால்வை வாங்குனவங்க தம்பி. வாடி போடின்னா நாளைக்கு என் மேல கேஸ் போட்டாலும் போடுவாங்க. வர்றதுக்கு அரை மணி நேரம் ஆகும். அது வரைக்கும் நான் சொல்றேன், எழுதிக்கங்க.

என் பேரு வைரக்கண்ணு. முதல்ல பேரை எழுதுங்க. டி.வி.க்காரங்க என்னைக் காமிச்சு, கீழ 'வீட்டில் உள்ள முதியவர்'னு போட்டுட்டாங்க. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துல இந்த சேந்தன்குப்பத்துல இருபத்தேழு வருசம் லாஞ்சு ஓட்டுன டிரைவர் நான். முதுகெலும்பு தேஞ்சுபோயி கரையில உக்காந்தப்புறம், மீனவர் சங்கத்து வயர்லெஸ் செட்டுல ஒம்பது வருசம் நாந்தான் பேசுனேன். ஒம்பது வருசம்! மலர்க்கொடி பேசுனது ஒரே ஒரு மத்தியானம். சால்வை யாருக்கு? எனக்கு அந்தச் சால்வை மேல ஆசையெல்லாம் கெடையாது. தொட்டுப் பாத்தேன், பாலியஸ்டர்.

'பதினோரு படகுகளைக் காப்பாற்றிய வீரப்பெண்'னு போட்டாங்க பேப்பர்ல. நீங்களும் அப்படித்தான் போடப்போறீங்க. போடுங்க. ஆனா அன்னைக்குக் கடல்ல இருந்த நம்ம ஊருப் படகு பன்னண்டு. அந்தப் பன்னண்டாவது படகு என்னாச்சுன்னு வீரப்பெண்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க. அதைத்தான் நான் சொல்ல வர்றேன்.

செட்டுல உக்காந்து பேசுறது என்ன வேலைன்னு முதல்ல தெரிஞ்சுக்குங்க. வானிலை ஆபீஸ்லேருந்து அறிக்கை வரும். அதை மைக்குல வாசிக்கணும். இருபது, இருபத்தஞ்சு மைல்ல இருக்குற படகெல்லாம் அவங்கவங்க செட்டுல கேப்பாங்க. அவ்வளவுதான் வேலை. 'தென்மேற்கு வங்கக் கடலில் நிலை கொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுப்பெற்று'ன்னு ஆரம்பிக்கும் பாருங்க, அதை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள புயல் கரையக் கடந்து வெயிலே அடிச்சிடும். இதுக்கு ஒரு ஆளு எதுக்கு? ஒரு கிளி போதும். நான் கிளி இல்லையே. கடல்ல கெடந்தவனாச்சே. அதனால அறிக்கைய வாசிச்சு முடிச்சுட்டு, 'இது வரைக்கும் அவங்க சொன்னது, இனிமே வைரக்கண்ணு சொல்றது'ன்னு நம்ம கணக்கையும் ரெண்டு வார்த்தை சொல்லுவேன். அறிக்கை ஓடுறப்ப படகுல எல்லாரும் டீ போட்டுக்கிட்டு இருப்பானுங்க. 'இனிமே'ன்னு நான் ஆரம்பிச்சா செட்டைச் சுத்தி உக்காந்துடுவானுங்க. அப்படி ஒரு மதிப்பு எனக்கு.

சும்மா வாய்க்கு வந்ததச் சொல்ல மாட்டேன் தம்பி. அந்தா செவுத்துல தொங்குது பாருங்க மேப்பு, அப்ப செட்டு ரூம்ல மாட்டியிருந்துச்சு, அதான் என் ஆபீஸ். வங்காள விரிகுடா முழுக்க இருக்கு. மேல ஒட்டியிருக்குறதெல்லாம் என்னன்னு பாருங்க. கிட்ட போயிப் பாருங்க. ஸ்டிக்கர் பொட்டு! என் பொண்டாட்டி அஞ்சம்மாளோடது. குண்டூசி குத்துனா மேப்பு கிழியுது, பேனாவால எழுதுனா அழிக்க முடியல. பொட்டு ஒட்டுனா ஒட்டிக்கும், எடுத்தா வந்துடும். மூணு மணி நேரத்துக்கு ஒரு பொட்டு. புயல் இப்ப எங்க இருக்குன்னு ஆபீஸ்ல சொல்றாங்களே, அது அரக்குப் பொட்டு. அடுத்து எங்க போகும்னு நான் கணக்குப் போட்டு வைக்கிறது பச்சைப் பொட்டு. அஞ்சம்மா தலையில அடிச்சிக்குவா, 'நெத்தியில வைக்க வேண்டியதெல்லாம் கடல்ல வச்சிருக்காரே மனுசன்'னு. விஞ்ஞானத்தப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்.

புயலுக்குப் பேரு வைக்கிறாங்க பாருங்க, ஏதோ ஒரு நாட்டுக்காரன் வைப்பானாம், நம்ம வாயில நுழையாது. நான் அந்தப் பேரெல்லாம் மைக்குல சொல்றதில்ல. நானே வச்சிக்குவேன். ஊர்ல அந்த மாசம் எவன் என்கிட்ட தகராறு பண்ணுனானோ அவன் பேரு. இந்தப் புயலுக்கு நாகரத்தினம்னு வச்சேன். எங்க சங்கத் தலைவரு. 'நாகரத்தினம் நிலை கொண்டிருக்காரு, நாகரத்தினம் வலுவிழந்துட்டாரு'ன்னு நான் சொன்னா பன்னண்டு படகுலயும் சிரிப்பு அள்ளும். தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரல. நகைச்சுவை உணர்வு இல்லாதவங்கள என்ன பண்றது?

நான் சொன்னது எத்தனை பலிச்சிருக்குன்னு கேளுங்க. அந்த ஒம்பது வருசத்துல பெருசா அஞ்சு புயல். மூணு நான் சொன்ன எடத்துக்கே போச்சு. மீதி ரெண்டும் நான் சரியாத்தான் சொன்னேன், புயல்தான் மாத்திப் போயிடுச்சு. ஆபீஸ்காரங்க கதை தெரியுமா? இந்தப் புயல் வந்த வருசம் மட்டும் அதுக்கு முன்னாடி நாலு தடவை 'கரைக்குத் திரும்பு, கரைக்குத் திரும்பு'ன்னு கத்துனாங்க. நாலு தடவையும் ஐஸை உருகவிட்டு, வலையச் சுருட்டிக்கிட்டு ஓடியாந்தா, இங்க கரையில காத்தாடி விடலாம்போல காத்து. நாலாவது தடவை திரும்பி வந்தவனுங்க என்கிட்டதான் வந்தானுங்க. 'அண்ணே, இனிமே நீங்க சொன்னாத்தான் வருவோம்'னானுங்க. நான் கேட்டேனா? அவனுங்களாத்தான் சொன்னானுங்க. எழுதுங்க இதை.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். கார்த்திகை மாசம், செவ்வாக்கெழமை. பன்னண்டு படகு ஞாயித்துக்கெழமையே போயிடுச்சு, அப்ப கடல் தட்டு மாதிரி கெடந்துச்சு. ஒரு படகுல என் ஒரே புள்ள கலைவாணன், மலர்க்கொடி புருசன். இன்னொரு படகு பேரு வெற்றிவேல். அதுக்கு டிரைவரு சபாபதி. சபாபதி யாருன்னா, நானும் அவனும் பதினஞ்சு வயசுல ஒரே நாள்ல கடலுக்குப் போனவங்க. என்னை மச்சான்னுதான் கூப்பிடுவான். அவன் பொண்டாட்டி அமிர்தவல்லி எனக்குத் தங்கச்சி முறை. கூடப் பொறந்தவன் ஒருத்தன் எனக்கு இருக்கான், திருப்பூர்ல. அவனை விட சபாபதிதான் எனக்கு ஒசத்தி.

செவ்வாக்கெழமை சாயங்காலம் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்க. ஆபீஸ் அறிக்கை வந்துச்சு, வழக்கம் போல கரைக்குத் திரும்பச் சொல்லி. வாசிச்சேன். ஒரு எழுத்து விடாம வாசிச்சேன், அதுல எவனும் குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் 'இனிமே வைரக்கண்ணு சொல்றது'ன்னேன். நாகரத்தினம் இங்க வர மாட்டாரு, ராத்திரியே வடக்க திரும்பி ஆந்திராவுக்குப் போயிடுவாரு, நீங்க நிம்மதியா வலை போடுங்கன்னேன். பக்கத்து ஊருப் படகெல்லாம் அலறியடிச்சிக்கிட்டு கரைக்குப் போச்சு. நம்ம ஊரு பன்னண்டும் அசையல. பெருமையா இருந்துச்சு தம்பி. பொய் சொல்லுவானேன்.

அன்னைக்கு மறுநாள் மத்தியானம் வரைக்கும் புயல் எங்கெங்க போகும்னு கணக்குப் போட்டு வரிசையா ஒட்டலாம்னு பாத்தா, பச்சைப் பொட்டு தீந்து போச்சு. அஞ்சம்மாவக் கடைக்கு அனுப்புனேன். அவ போயி அரக்குல ரெண்டு அட்டை வாங்கிட்டு வந்துட்டா. கேட்டா, 'பச்சையில எவ பொட்டு வப்பா, கடைக்காரன் வச்சிருந்ததே அந்த ஒரு அட்டைதான்'ங்கிறா. எனக்கு என்ன வழி? அரக்கையே ஒட்டுனேன். ஆக, ஆபீஸ் சொன்னதும் அரக்கு, நான் சொன்னதும் அரக்கு. நாகப்பட்டினத்துக்குக் கீழேருந்து சென்னைக்கு நேர் கெழக்க வரைக்கும் சீரா ஒரு வரிசை. பாக்கவே அழகா இருந்துச்சு. இந்த ஊர்ல நடந்த அத்தனைக்கும் காரணம் அந்தப் பொட்டுக்கடைதான். ஆனா அவனை எவனாவது கேள்வி கேட்டானா?

புதன்கெழமை காலையில செட்டு ரூமுக்குப் போனேன். சங்கத்து செல்போன்லதான் அறிக்கை வரும். அதை வீட்லயே வச்சிட்டுப் போனேன். மறந்து இல்ல, வேணும்னுதான். புயல் நாள்ல அது கோழி மாதிரி கொக்கு கொக்குன்னு கத்திக்கிட்டே கெடக்கும், மனுசன் யோசிக்க முடியாது. பதினோரு மணிக்கு மைக்கப் போட்டேன். மேப்பப் பாத்தேன். கடைசி அரக்குப் பொட்டு எங்க இருக்கு? சென்னைக்குக் கெழக்க. சொன்னேன்: 'நாகரத்தினம் இப்ப சென்னைக்கு நேர் கெழக்க இருநூறு மைல்ல இருக்காரு. நம்மளத் தாண்டிப் போயிட்டாரு. கவலையே இல்ல.'

இதுல பொய் எங்க இருக்கு? மேப்புல இருந்ததத்தான வாசிச்சேன்?

உடனே என் புள்ள லைன்ல வந்தான். 'அப்பா, இங்க காத்து வாடையில அடிக்குது. ஏறிக்கிட்டே வருது'ன்னான். அடிச்சா அடிக்கட்டும்டான்னேன். 'இல்லப்பா, நீ சொல்ற மாதிரி புயல் நம்மளத் தாண்டி வடக்க போயிருந்தா மேக்கேருந்து மேலக்காத்துதான அடிக்கணும்? இது வடகெழக்கேருந்து வருதே. அப்படின்னா புயல் இன்னும் நமக்குத் தெக்கதான இருக்கணும்?' யாருகிட்ட கேக்குறான் பாருங்க. இவனுக்குச் சுக்கான் புடிக்கச் சொல்லிக் குடுத்ததே நானு. இந்தக் காத்துக் கணக்கச் சொல்லிக் குடுத்ததும் நானு. எனக்கே பாடம் எடுக்குறான், அதுவும் பன்னண்டு படகும் கேக்க. கோவம் வந்துடுச்சு. 'நான் மேப்பக் கண்ணால பாத்துச் சொல்றேன்டா, நீ மூஞ்சியில காத்து அடிக்குதுன்னு சொல்ற'ன்னேன். சபாபதிதான் நடுவுல வந்து சமாதானம் பண்ணுனான். 'மச்சான், எனக்கும் காத்து ஒரு மாதிரியாத்தான் தெரியுது. ஆனா நீ பாத்துச் சொல்றப்ப சரியாத்தான் இருக்கும்'னான். அதுதான் மரியாதை. வயசுல பெரியவனுக்கும் அனுபவத்துக்கும் குடுக்குற மரியாதை.

அப்பதான் மலர்க்கொடி வந்துச்சு. துணி தொவச்சிக்கிட்டு இருந்துருக்கு, கையெல்லாம் நுரை. செல்போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. 'மாமா, ஆறு மணிக்கு ஒண்ணு, எட்டரைக்கு ஒண்ணு, இப்ப ஒண்ணு, மூணு அறிக்கை வந்துருக்கு, புயல் நமக்குத் தென்கெழக்க நூத்திப்பத்து கிலோமீட்டர்ல இருக்காம், சாயங்காலம் நம்மகிட்டதான் கரையக் கடக்குமாம்'ங்குது. நான் மேப்பக் காமிச்சேன். அது கிட்ட போயி மேப்பப் பாத்துச்சு. ஒவ்வொரு பொட்டா விரல வச்சுப் பாத்துச்சு. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்து, 'மாமா, இதெல்லாம் நேத்து சாயங்காலம் நீங்க ஒட்டுனது மாமா'ன்னுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு. ஆனா எதுக்கு அப்படிப் பாக்கணும்? டாக்டர் ஆஸ்பத்திரியில சீக்காளியப் பாக்குற மாதிரி.

நான் பதில் சொல்றதுக்குள்ள மைக்க என் கையிலேருந்து புடுங்கிடுச்சு தம்பி. புடுங்கிடுச்சு! மாமனார் கையிலேருந்து! என் கையில சோப்பு நுரை. இந்தச் சேதி எந்தப் பேப்பர்லயாவது வந்துச்சா? 'மாமனார் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிய வீரப்பெண்'னு போடுங்களேன் பாப்போம்.

அதுக்கப்புறம் அது பேசுன பேச்ச நீங்க கேக்கணும். ஒரு அலங்காரம் இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. ஒவ்வொரு படகா பேரு சொல்லிக் கூப்புடுது. புயல் எங்க இருக்குன்னு சொல்லுது. 'வலைய அறுத்துப் போட்டுட்டு வாங்க, வர்றேன்னு வாயால சொல்லுங்க'ங்குது. பதில் வர்ற வரைக்கும் விடல. முதல்ல பதில் சொன்னது யாருங்கிறீங்க? என் புள்ள. பொண்டாட்டி குரல் கேட்டதும் 'வர்றேன் மலரு'ன்னுட்டான். அப்பன் தொண்டத்தண்ணி வத்த ஒம்பது வருசமா கத்துனது எங்க போச்சுன்னு தெரியல. அவன் சொன்னதும் ஒண்ணொண்ணா எல்லாப் பயலும் வர்றேன் வர்றேன்னுட்டானுங்க. பதினோரு படகு. சபாபதி மட்டும்தான் சொல்லல. 'மலரு, மச்சான்கிட்ட மைக்கக் குடு'ன்னான்.

குடுத்துச்சு. அதையும் சொல்லிடணும், குடுக்காம இல்ல. மைக்க என் கையில வச்சு, 'மாமா, அவரு உங்க பேச்சத்தான் கேப்பாரு, வரச்சொல்லுங்க மாமா'ன்னுச்சு. கண்ணுல தண்ணி. ரூம் வாசல்ல அதுக்குள்ள மீன் ஏலக்கூடத்துலேருந்து பத்துப் பதினஞ்சு பேரு வந்து நிக்கிறாங்க. பொம்பளைங்க வேற. நடுவுல நாகரத்தினம், மனுச நாகரத்தினம், கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குறாரு. நான் என்ன பண்ணுவேன்? ஒரு குத்தலு. எனக்கு அது கூடப் பொறந்தது. 'நான் யாருப்பா சொல்றதுக்கு?'ன்னேன். 'இனிமே மருமவதான் இங்க ஆபீசரு. பயந்தவங்கெல்லாம் ஆபீசர் பேச்சக் கேட்டு ஓடி வரட்டும். உனக்கு எதுக்கு, நீ ஆம்பள, உன் இஷ்டம்'னேன். சபாபதி சிரிச்சான். நல்லா சிரிச்சான், இன்னும் காதுல இருக்கு. 'புரிஞ்சிடுச்சு மச்சான், அப்ப நான் வலைய ஒரு இழுப்பு இழுத்துட்டே வர்றேன்'னான்.

மலர்க்கொடி மறுபடியும் மைக்கப் புடுங்கிக்கிட்டு அவனைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு. பதில் இல்ல. வலை இழுக்குறப்ப எவன் செட்டுகிட்ட இருப்பான்? ரெண்டு மணிக்கு வந்தான் லைன்ல. 'கெளம்பிட்டேன் மலரு, மச்சான்கிட்ட சொல்லிடு'ன்னான். அதோட சரி.

பதினோரு படகும் நாலு மணிக்குள்ள கரைக்கு வந்துடுச்சு. ஆறு மணிக்குப் புயல் கரையக் கடந்துச்சு. எங்க கடந்துச்சு தெரியுமா? நாகப்பட்டினத்துக்கு வடக்க பதினஞ்சு கிலோமீட்டர்ல. வடக்க! நான் என்ன சொன்னேன்? வடக்க போகும்னுதான சொன்னேன்? அதை ஒருத்தன் ஒத்துக்கணுமே. சங்கத்துக் கூட்டத்துல எழுந்து இதைச் சொன்னேன். நாகரத்தினம் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. மத்தவங்க எழுந்து வெளிய போயிட்டாங்க. மறுநாளு செட்டு ரூம் சாவிய வாங்கி மலர்க்கொடிகிட்ட குடுத்துட்டாங்க. மேப்ப நான் கழட்டிக்கிட்டு வந்துட்டேன், அது என் சொந்த மேப்பு. ஒம்பது வருச சேவைக்கு ஒரு டீ கூட வாங்கித் தரல தம்பி.

என் புள்ள அன்னைக்குக் கரையில எறங்கி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நேரா செட்டு ரூமுக்குப் போயி பொண்டாட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டான். ரெண்டு பேரும் விடிய விடிய வெற்றிவேலக் கூப்பிட்டாங்க. நானும் வெளிய நின்னேன். உள்ள வாங்கன்னு கூப்பிட்டா போயிருப்பேன். மலர்க்கொடி ஒரு தடவை வந்து கூப்புட்டுச்சுதான். என்னமோ, போகல.

வெற்றிவேல்ல ஏழு பேரு. மூணாம் நாளு ஒரு சரக்குக் கப்பல் ஆறு பேரைத் தூக்கிச்சு. படகு ஒடஞ்சு, வலை மிதவையக் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கெடந்துருக்கானுங்க. சபாபதி இல்ல. அந்தப் பசங்க என்னென்னவோ சொன்னானுங்க. மூணு நாள் உப்புத்தண்ணியக் குடிச்சவனுங்க பேச்ச எப்படி நம்புறது? நான் நம்பல. சபாபதி நீச்சல் எனக்குத் தெரியும். ஒரு கேன் கெடச்சா போதும் அவனுக்கு. அதனால நான் கணக்குப் போட ஆரம்பிச்சேன். அந்த மாசத்துல நீரோட்டம் தெக்க இழுக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தா மேப்புல நாகப்பட்டினத்துலேருந்து கீழ மஞ்சளா ஒரு வரிசை போவுது பாருங்க, அது சபாபதி. தெனம் ஒண்ணு. நேத்தோட அறுபத்திரண்டு.

அமிர்தவல்லி தெனம் அஞ்சு மணிக்கு வருவா. வந்து அந்த வாசப்படியில நின்னுக்கிட்டு, 'அண்ணே, இன்னைக்கு எங்க இருக்காரு?'ன்னு கேப்பா. நான் எழுந்து போயி மேப்புல காமிப்பேன். திரிகோணமலைக்கு நேரா இருக்கான், மழை பெஞ்சிருக்கும், குடிக்கத் தண்ணி கெடச்சிருக்கும், ஏதாவது மரக்கலம் பாத்து ஏத்திக்கும்னு விவரமா சொல்லுவேன். தலைய ஆட்டிக் கேட்டுக்குவா. ஊரே மலர்க்கொடி பேச்சக் கேக்குது, என்கிட்ட வந்து கேக்குறதுக்கு அந்த ஒரு ஜீவன்தான் மிச்சம். நானும் இல்லன்னா அந்தப் பொம்பள மனசு ஒடஞ்சு போயிருப்பா. யாரு அவளைத் தாங்குனது? நானு. இதுக்கு எவனும் சால்வை போட மாட்டான்.

நேத்தும் அஞ்சு மணிக்கு வந்தா. நான் எழுந்தேன். 'இருக்கட்டும்ணே, உக்காருங்க'ன்னா. அவளும் உள்ள வந்து, நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துல தரையில உக்காந்தா. 'வெள்ளிக்கெழமை அவருக்குக் காரியம் வச்சிருக்கோம்ணே. நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்'னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'என்ன பேச்சுப் பேசுற? உசுரோட இருக்குறவனுக்குக் காரியமா? இன்னும் நாலு நாள்ல மட்டக்களப்புகிட்ட கரையேறிடுவான்'னு கத்துனேன். அவ அழல தம்பி. 'அந்தப் பசங்க கப்பல்லேருந்து எறங்குன அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்லிட்டானுங்கண்ணே. ரெண்டாம் நாள் விடியக்காலையில அவனுங்க கண்ணு முன்னாடியே போயிட்டாரு. மிதவையில எடம் பத்தலன்னு இவருதான் கைய விட்டாராம்'னா.

'தெரிஞ்சிக்கிட்டேவா அறுபத்திரண்டு நாளா வந்து கேட்ட?'ன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'நீங்க சோறு தண்ணி எறங்காம, செவுத்தப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடக்குறீங்கன்னு மலரு வந்து அழுதுச்சுண்ணே. நான் வந்து அவரு எங்க இருக்காருன்னு கேட்டா எழுந்து நடந்து வந்து பேசுறீங்களாம். அப்புறம் ரெண்டு வாய் சாப்பிடுறீங்களாம். தெனம் ஒரு தடவை வந்துட்டுப் போங்கத்தைன்னு அதுதான் கேட்டுக்கிச்சு. அதான் வந்தேன். இனிமே நீங்களா சாப்பிடணும்ணே'ன்னா. அஞ்சம்மா உள்ளேருந்து வந்து அவளுக்கு டீ குடுத்தா. குடிச்சிட்டு எழுந்து போயிட்டா.

பாத்தீங்களா தம்பி. எல்லாம் மலர்க்கொடி ஏற்பாடு. புருசன் பொழைக்க ஏற்பாடு, படகுக்கு ஏற்பாடு, மாமனார் சோறு திங்க ஏற்பாடு. எழுதிக்கங்க, அதுக்கும் ஒரு சால்வை போடட்டும்.

என்ன, எழுதுறத நிறுத்திட்டீங்க? எழுதுங்க. நான் ஒண்ணும் பெரிய தப்பு பண்ணிடல. அன்னைக்கு நான் மைக்குல சொன்னது ஒரு குத்தலு தம்பி. சும்மா ஒரு குத்தலு. வாடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்துருப்பான்னு மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் சொல்லல, எனக்குத் தெரியாதா? ஆனா நான் தெனம் நூறு குத்தல் பேசுறவன். அஞ்சம்மா நாப்பது வருசமா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டுப் போறா. புள்ள கேக்க மாட்டான். மருமவ கேக்க மாட்டா. சங்கத்துல எவனும் கேக்க மாட்டான். நான் பேசுனா கேக்கக்கூடாதுன்னு இந்த ஊர்ல நேத்துப் பொறந்த புள்ளைக்குக் கூடத் தெரியும்.

அந்தப் பாவி ஒருத்தன் மட்டும் எதுக்குத் தம்பி என் பேச்சக் கேட்டான்?